70,000 காசும் ஒரு காற்றாடியும்: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் விளையாட்டின் முதல் ஒரு மணித்தியாலம்

"மாமி, காசு முடிஞ்சுது!"

உள்ளறையிலிருந்து குரல் வந்தபோது நான் முன்விறாந்தையில் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தேன். மடிக்கணினித் திரையில் ஒரு ஆறு, ஒரு நெடுஞ்சாலை, அதிலிருந்து பிரிந்து புல்வெளி முழுவதும் சதுரம் சதுரமாக ஓடும் வீதிகள். ஓரத்தில் புகை கக்கிக்கொண்டு ஒரு பெரிய நிலக்கரி மின்நிலையம். வீடு என்று பார்த்தால் இருபது இருக்கும். கீழ்ப்பட்டியில் கையிருப்பு காட்டுகிற இடத்தில் சில நூறு காசுதான் மிச்சம். அதற்குப் பக்கத்தில் கிழமை வருமானம் கழித்தல் குறியோடு சிவப்பில் நின்றது.

"சனம் வந்தாத்தானே வரி வரும். சனம் வர முதல் காசு முடிஞ்சுது" என்றான்.

"எவ்வளவோட தொடங்கினனி?"

"எழுபதாயிரம்."

"என்னென்ன வாங்கினனி? கொப்பியில எழுது."

இவன் என் அண்ணாவின் மகன், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வீடு கொட்டாஞ்சேனையில். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை என்னோடு வந்து நின்றான். நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், உயர்தர வணிகப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு சொல்லிக்கொடுக்கிறேன். கணினி விளையாட்டு எதையும் அதற்கு முன் தொட்டதில்லை. அன்று பின்னேரம் அவன் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தவள், இப்போது சில மாதமாக அவனோடு சேர்ந்து நகரம் கட்டுகிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன், முக்கியமாக விளையாட்டின் தொடக்கப் பகுதியைப் பற்றி. பெரும்பாலானோர் கைவிடுவதும் அங்கேதான், இந்த விளையாட்டு மிக அழகாக இருப்பதும் அங்கேதான்.

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2015 மார்ச் 10ஆம் திகதி வெளிவந்தது. செய்தவர்கள் பின்லாந்தின் தம்பரே நகரில் இருக்கும் கொலோசல் ஓர்டர் என்ற சிறிய நிறுவனம். வெளியிட்டது பரடொக்ஸ் இன்டராக்டிவ். நகரம் கட்டும் விளையாட்டு என்ற வகையே 1989இல் வந்த சிம்சிட்டியிலிருந்து வளர்ந்ததுதான். உங்களிடம் ஒரு துண்டு நிலம், அதைத் தொட்டுக்கொண்டு போகும் நெடுஞ்சாலை, 70,000 காசு. அவ்வளவுதான் தருவார்கள். வீதி போட வேண்டும், மின்சாரம் கொடுக்க வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும், கழிவுநீரை வெளியேற்ற வேண்டும். வீட்டையும் கடையையும் தொழிற்சாலையையும் நீங்கள் கட்டுவதில்லை. இது குடியிருப்பு, இது வியாபாரம், இது தொழிற்சாலை என்று வீதியோரத்தில் நிறம் பூசிவிட்டால் அவை தாமாக எழும்பும். நிறம் பூசக் காசில்லை. வீதிக்குத்தான் காசு. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, அவன் கொப்பிக்கு வருவோம். நிலக்கரி மின்நிலையம் 19,000. தண்ணீர்ப் பம்பி 2,500. கழிவுநீர் வெளியேற்றும் குழாய்வாய் 2,500. இந்த மூன்றும் சேர்ந்து 24,000. மிச்சம் 46,000இல் கொஞ்சம் தண்ணீர்க்குழாய்க்கும் மின்கம்பிக்கும் போயிருக்கிறது. மற்றதெல்லாம் வீதி.

"ஏன் நிலக்கரி?"

"பெரிசா ஒண்டு வாங்கினா பிறகு வாங்கத் தேவையில்லையெண்டு நினைச்சன்."

அவன் நினைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நிலையம் 40 மெகாவாட் தரும். காற்றில் சுழன்று மின்சாரம் தரும் காற்றாடி ஒன்று 6,000 காசு, நல்ல காற்றுள்ள இடத்தில் வைத்தால் 8 மெகாவாட். ஒரு மெகாவாட்டுக்குக் கணக்குப் பார்த்தால் நிலக்கரி 475, காற்றாடி 750. கடையில் மொத்த விலைக்குச் சாமான் வாங்குகிறவரின் கண்ணுக்கு நிலக்கரிதான் மலிவு. ஆனால் கிழமைப் பராமரிப்பைப் பாருங்கள். நிலக்கரி நிலையத்துக்கு 560, காற்றாடிக்கு 80. மெகாவாட்டுக்கு என்று பார்த்தால் நிலக்கரிக்கு 14, காற்றாடிக்கு 10. அதுகூடப் பெரிய விசயம் இல்லை. பெரிய விசயம் என்னவென்றால், இருபது வீட்டுக்கு 40 மெகாவாட் தேவையே இல்லை. தேவையில்லாத மின்சாரத்துக்கும் சேர்த்து ஒவ்வொரு கிழமையும் 560 காசு போய்க்கொண்டிருக்கிறது.

என்னோடு படித்த ஒருவர், வகுப்பு நடத்தத் தொடங்கியபோது நூறு பேர் இருக்கக்கூடிய மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். வந்தவர்கள் பதினைந்து பேர். மண்டபம் மலிவுதான், ஒரு கதிரைக்கு என்று பிரித்துப் பார்த்தால். நான் வீட்டு விறாந்தையில் ஆறு கதிரையோடு தொடங்கினேன். இந்தக் கதையைத் தம்பிக்குச் சொன்னேன். அவன் கொப்பியில் "மூலதனச் செலவு" என்று ஒரு நிரல், "கிழமைச் செலவு" என்று இன்னொரு நிரல் கிழித்தான். வகுப்பில் பிள்ளைகளுக்கு மீண்டெழும் செலவினத்தை, அதாவது திரும்பத் திரும்ப வரும் செலவை, விளங்கப்படுத்த நான் எத்தனை பாடவேளை செலவழித்திருப்பேன்! இங்கே ஒரு சிவப்பு எண் பத்து நிமிடத்தில் அதைச் செய்துவிட்டது.

அப்புறம் வீதி. இது அவனுடைய இரண்டாவது பெரிய பிழை, கண்ணுக்குத் தெரியாத பிழை. வீதியின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம் ஆழத்துக்குத்தான் கட்டடம் வரும். இரண்டு வீதிக்கு இடையில் எட்டுக் கட்டம் விட்டால் ஒவ்வொரு வீதிக்கும் தன் பங்கு நான்கு முழுதாகக் கிடைக்கும். இவன் நான்கு கட்டம் மட்டும் விட்டுச் சதுரம் சதுரமாகப் போட்டிருந்தான். ஒரே நிலத்துக்கு இரண்டு மடங்கு வீதி. வீதிக்கும் கிழமைப் பராமரிப்பு உண்டு, ஒரு வீடும் எழும்பாத வீதிக்கும்கூட. நாங்கள் அடுத்த முறை நெடுஞ்சாலையிலிருந்து ஒரு வீதியை இழுத்து, அதிலிருந்து இரண்டு கிளை மட்டும் விட்டோம். இரண்டு பக்கமும் இடைவெளி இல்லாமல் நிறம் பூசினோம். வேறொன்றும் இல்லை. அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் காசு நின்றது.

தொடங்கும்போது விளையாட்டை நிறுத்தி வைத்திருந்தால் காலம் ஓடாது. பலர் உடனே ஓட்டிவிடுகிறார்கள். நிறுத்தி வைத்தபடியே வீதி போடலாம், பம்பி வைக்கலாம், குழாய் பதிக்கலாம், காற்றாடிக்கு இடம் பார்க்கலாம். காலம் ஓடாதவரை கிழமைச் செலவும் ஓடாது. எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும். முதல் சில கிழமை வருமானம் சிவப்பில் இருக்கும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. வீடு எழும்பி, சனம் குடிவந்து, கடை திறந்து வரி வரத் தொடங்கும்வரை கையிருப்பு தாங்குமா என்பதுதான் கேள்வி. தொழிற்படு மூலதனம் என்று நாங்கள் படிப்பிப்பது இதைத்தான்.

தண்ணீர்ப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் இரண்டாவது நகரம் அதில்தான் அடிவாங்கியது. இந்த விளையாட்டில் ஆறு உண்மையாகவே ஓடுகிறது. ஓட்டத்துக்கு ஒரு திசை இருக்கிறது. கழிவுநீரை ஆற்றில் விட்டால் அது மண்ணிறமாகக் கீழ்நோக்கிப் போகும். நாங்கள் வீதிக்குக் கிட்ட இருக்கிறதே, குழாய்ச் செலவு குறையுமே என்று குழாய்வாயை ஓரிடத்தில் வைத்தோம். பம்பி அதற்குக் கீழே, கொஞ்சத் தூரத்தில். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வீடுகளுக்கு மேல் நோய்க் குறி ஒன்று, இரண்டு, பத்து என்று வந்தது. சனம் வீட்டை விட்டுப் போனது. கைவிட்ட வீடுகள் கறுத்து நின்றன. வரி விழுந்தது. குழாயில் சேமித்தது சில நூறு காசு, போனது நகரத்தில் பாதி.

கொழும்பில் இருப்பவருக்கு இது புதிதாக இருக்கக்கூடாது. எங்கள் குடிநீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது, ஆறு கடலில் விழுவதற்குப் பல கிலோமீற்றர் முன்னாலேயே. நகரத்தின் கழிவுநீர் பிரித்தானியர் காலத்தில் போடத் தொடங்கிய குழாய்களில் ஓடி, வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் தூரம்வரை கொண்டுபோய் விடப்படுகிறது. இவ்வளவு வருடம் வெள்ளவத்தையில் இருந்தும், எடுக்கும் இடம் எங்கே விடும் இடம் எங்கே என்று நான் யோசித்ததே இல்லை. அந்த இரவு தம்பி கைபேசியில் கொழும்பின் வரைபடத்தைத் திறந்து களனியின் வழியை விரலால் தேடினான். "மாமி, எடுக்கிறது மேல, விடுறது கடலுக்க. அவங்கள் சரியாத்தான் வைச்சிருக்கினம்" என்றான். மூன்றாவது நகரத்தில் பம்பியை ஓட்டத்தின் மேல்பக்கமும் குழாய்வாயை நிலத்துண்டின் கீழ்க்கோடியிலும் வைத்தோம். குழாய் நீண்டது. காசு போனது. அது போக வேண்டிய காசு.

காற்றாடியிலும் ஒரு கவனம் வேண்டும். அது சத்தம் போடும், வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் சனம் முறையிடும். காற்று எங்கே பலம் என்று வைக்கும்போதே வரைபடம் நிறத்தால் காட்டும். மலைமுகட்டிலோ கரையோரத்திலோ பாருங்கள். தொழிற்சாலையை வீட்டிலிருந்து தள்ளி, ஆனால் நெடுஞ்சாலைக்குக் கிட்ட வையுங்கள். இல்லாவிட்டால் லொறி எல்லாம் குடியிருப்புக்குள்ளால் போகும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

கீழ்ப்பட்டியில் மூன்று கோடு இருக்கும். பச்சை குடியிருப்புக்கான தேவை, நீலம் வியாபாரத்துக்கு, மஞ்சள் தொழிற்சாலைக்கு. கோடு உயர்ந்தால் மட்டும் நிறம் பூசுங்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நிலம் முழுவதையும் ஒரே நாளில் பச்சையாக்கினால் ஒரே நாளில் சனம் குவியும். பார்க்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் அந்தச் சனம் ஏறத்தாழ ஒரே வயது. ஒன்றாக முதுமையடைந்து ஒன்றாக இறப்பார்கள். பிணம் எடுக்க வண்டி போதாது, வீடுகள் வெறிச்சோடும், வருமானம் திடீரென்று இறங்கும். பழகிய விளையாட்டுக்காரர்கள் இதைச் சாவு அலை என்பார்கள்.

சனத்தொகை ஒரு குறித்த அளவை எட்டுவதை விளையாட்டில் மைல்கல் என்பார்கள். முதல் மைல்கல்லைத் தாண்டும்போது ஒரு பரிசுத் தொகை வரும், கூடவே மருந்தகம், பள்ளிக்கூடம், குப்பை கொட்டும் நிலம் எல்லாம் திறக்கும். இங்கேதான் இரண்டாவது பொறி. கையில் காசு இருக்கிறது, கடையில் புதுச் சாமான் வந்திருக்கிறது. தம்பி மூன்றையும் அரை நிமிடத்தில் வைத்தான். பச்சையில் இருந்த கிழமை வருமானம் சிவப்பானது. பரிசு ஒரு முறைதான் வரும், பள்ளிக்கூடத்தின் செலவோ ஒவ்வொரு கிழமையும் வரும். நாங்கள் கண்டுபிடித்த ஒழுங்கு இதுதான்: முதலில் குப்பை, அடுத்தது மருந்தகம், வருமானம் நிமிர்ந்த பிறகு பள்ளிக்கூடம். நகரம் சின்னதாக இருக்கும்வரை சேவைகளுக்கான ஒதுக்கீட்டை நூறு வீதத்திலிருந்து குறைக்கலாம்; 50இலிருந்து 150 வரை நகர்த்த ஒரு பட்டி இருக்கிறது. குறைத்தால் சேவையும் குறையும், ஆகவே மிச்சமாகக் கிடப்பதை மட்டும் குறையுங்கள். வரி 9 வீதத்தில் தொடங்கும். மாற்ற உரிமை கிடைத்ததும் நாங்கள் 11க்கு உயர்த்தினோம், யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை.

குப்பை நிலத்தை வைக்கும்போது என் கை தயங்கியது. ஒருமுறை குப்பை விழுந்துவிட்டால் அந்த நிலத்தை இடிக்க முடியாது, முழுவதையும் வேறிடத்துக்கு எடுத்துக் காலியாக்கிய பிறகுதான் இடிக்கலாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகள் புதைந்து 30க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தம்பிக்கு அப்போது விளங்கும் வயதில்லை, நான் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் குப்பை நிலத்தை எடுத்து, குடியிருப்பிலிருந்து வெகுதூரம், வீதி நீள்கிற செலவையும் பார்க்காமல், மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனான்.

கடன் வாங்கலாமா? வாங்கலாம். வங்கிகள் தரும், கிழமைக்குக் கிழமை வட்டியோடு கட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று நிறுத்தியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முந்தின மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தது, நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் வகுப்பெடுத்தேன். அதனால் கடன் என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி பின்வாங்கினான். நான் ஒரு வேறுபாட்டை மட்டும் காட்டினேன். பச்சைக் கோடு உச்சியில் நிற்கிறது, சனம் வரக் காத்திருக்கிறது, மின்சாரம் மட்டும் போதவில்லை என்றால் காற்றாடிக்குக் கடன் வாங்கு. வந்த சனத்தின் வரி தவணையைக் கட்டும். கிழமைச் செலவு வருமானத்தை மிஞ்சிவிட்டது, அதை அடைக்க என்று கடன் வாங்காதே; அடுத்த கிழமையிலிருந்து ஓட்டையோடு தவணையும் சேரும். இரண்டாவது வகைக் கடனை அவன் சோதித்தே பார்த்தான், வேறொரு நகரத்தில். ஐந்து நிமிடம் தாங்கியது.

இனிக் குறை. இந்த விளையாட்டின் பொருளாதாரம் நல்லது, ஆனால் நீண்ட நாள் நல்லதாக இருப்பதில்லை. மூன்று நான்கு மைல்கல் தாண்டினால் பரிசுத் தொகையும் வரியும் சேர்ந்து கையிருப்பு ஏறிக்கொண்டே போகும், பிறகு காசு ஒரு கவலையே இல்லை. அதன்பின் முழுப் போராட்டமும் வாகன நெரிசலோடுதான். நெரிசலை விரும்புகிறவர்களுக்கு அதுவும் அருமையான விளையாட்டு. எனக்குக் கணக்கு இறுக்கமாக இருக்கும் அந்த முதல் கட்டம் இன்னும் நீண்டிருக்கலாம் என்று உண்மையாகவே ஏக்கம். நாங்கள் ஐயாயிரம் சனம் வந்ததும் நகரத்தை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது அதனால்தான். இன்னொன்று, தமிழ் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு எங்கள் கணக்கீட்டுப் பாடத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதித் திரையோரத்தில் ஒட்டினோம். அந்தத் தாள் இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாம் பாகம் 2023 ஒக்ரோபரில் வந்தது. அதன் முதல் வடிவத்தில் அரசாங்க மானியம் நட்டத்தை மறைத்துக்கொண்டிருந்தது. 2024 ஜூனில் பொருளாதாரத்தை மாற்றி அந்த மானியத்தை எடுத்தார்கள். நல்ல முடிவு. ஆனால் அது வலுவான கணினி கேட்கும், எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. முதல் பாகத்துக்குப் பம்பலப்பிட்டியில் வாங்கிய 8 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினி போதுமாக இருந்தது.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில், வெளிவந்தபோது அடிப்படைப் பதிப்பின் விலை 29.99 டொலர். எங்கள் ரூபாயில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் தள்ளுபடி அடிக்கடி வரும், அப்போது மிகக் குறையும், பொறுத்திருந்து வாங்குங்கள். மேலதிகப் பொதிகள் நிறைய விற்கிறார்கள், தொடக்கத்தில் ஒன்றும் தேவையில்லை. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் இரண்டு நகரமும் விழுந்தெழும்ப அந்த நேரம் போதும். காசு முடியாத ஒரு தெரிவும் உள்ளே இருக்கிறது. முதல் மாதம் அதைத் தொடாதீர்கள்.

நேற்றிரவு நான்காவது நகரம். ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல் சனம். பச்சைக் கோடு உச்சியில், மின்சாரம் விளிம்பில். கையில் 7,300 காசு, கிழமை வருமானம் 410. தம்பி கொப்பியைப் புரட்டினான், பேனையைக் கடித்தான்.

"காற்றாடி வைச்சா 1,300 தான் மிஞ்சும் மாமி. மூண்டு கிழமை பொறுத்தா 2,530 மிஞ்சும்."

"பொறுத்தா லைற் போகுமே?"

மின்சாரப் பக்கத்தைத் திறந்து பார்த்தான். "இந்தக் கிழமையே போகும்."

வைத்தான்.